நீதிமன்றப் படியில் பிள்ளை தனியே நிற்கலாமா?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், வேலணைத் தீவில் உள்ள ஊர் சரவணை. ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றமும் அதே தீவில்தான் இருக்கிறது. 2015 மே மாதம் பக்கத்துப் புங்குடுதீவில், பாடசாலைக்குப் போன மாணவி ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கு முதலில் இந்த நீதிமன்றத்துக்குத்தான் வந்தது. வடக்கு முழுவதும் சனம் வீதியில் இறங்கியது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

2021 ஜூலையில் நாமும் வீதியில் இறங்கினோம். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன டயகம சிறுமி, 16 வயதில் தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் உயிரிழந்தபோது மலையகமே நீதி கேட்டது.

இறந்த பிள்ளைக்காக ஆயிரம் பேர் நடக்கிறோம். அடிபட்டு, சீரழிக்கப்பட்டு, உயிரோடு இருக்கும் பிள்ளை சாட்சி சொல்லப் போகும்போது கூடப் போவது யார்?

அம்மா வெளிநாட்டில். அப்பா போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் காசுக்குக் கடன். போனால் இன்னொரு தவணை. குற்றம் செய்தவன் அதே லயத்தில். “பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல நாலு பேர். இப்படித்தான் பல வழக்குகள் செத்துப்போகின்றன.

வேலை நிறுத்தப்பட்ட தொழிலாளியைத் தொழில் நியாயசபைக்கு நாம் தனியே அனுப்புவதில்லை. சங்கப் பிரதிநிதி கூடப் போகிறார். பெரியவருக்கு உள்ள அந்தத் துணை பிள்ளைக்கு வேண்டாமா?

அமெரிக்காவில் சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சூக்கப் 1977இல் இதற்கு ஒரு வழி கண்டார். பயிற்சி பெற்ற சாதாரண மக்களைப் பிள்ளைகளுக்குத் துணையாக நியமித்தார். அவர்கள் சட்டத்தரணிகள் அல்லர். பிள்ளையோடு பழகி, வீட்டிலும் பள்ளியிலும் விசாரித்து, அதற்கு எது நல்லது என்று நீதிபதிக்கு எழுதிக் கொடுப்பார்கள். நமது நாட்டில் அப்படி அறிக்கை கொடுப்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். அவர் ஒருவருக்குப் பல தோட்டங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. 1929 என்ற இலக்கமும் இருக்கிறது. ஆனால் அந்த இலக்கத்தை அழுத்துவதற்கு லயத்தில் ஒரு கை வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இருவரைத் தெரிவு செய்யவேண்டும் என்று கேட்கிறோம். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். 1929க்கு அறிவிப்பது, பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போவது, தவணைத் திகதியைக் குறித்து வைப்பது, தாய் தகப்பனுக்கு லீவு கேட்டுக் கொடுப்பது, பிள்ளையின் படிப்பு நிற்காமல் பார்ப்பது அவர்கள் வேலை. பிள்ளைக்குச் சாட்சி சொல்லிக் கொடுக்கக்கூடாது. நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது. பெயரை வெளியே விடக்கூடாது.

கடைசியாக ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவர் நமது அங்கத்தவராகவோ தலைவராகவோ இருந்தால் என்ன செய்வது? அப்போதும் சங்கம் பிள்ளையின் பக்கமே நிற்கவேண்டும். அதில் சமரசம் பேசும் சங்கத்துக்குச் சந்தா வாங்கும் உரிமை இல்லை.