துரையப்பா அரங்கில் ஒரு பகுதி காலியாக இருக்கட்டும்

கம்பஸுக்கு வரும்வரை எனக்குத் தெரிந்த மைதானம் ஒன்றே ஒன்றுதான். கொடகவெலயில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். பந்தை ஓங்கி அடித்தால் தேயிலைக்குள் போய்விடும். எடுத்துட்டு வர்றவன் காலில் ரெண்டு அட்டையாவது தொங்கும். அதனால் யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கின் படியில் முதல் தடவை உட்கார்ந்து உதைபந்தாட்டம் பார்த்த அன்று, மேட்சை விட அந்தப் புல்லைத்தான் அதிகம் பார்த்தேன்.

இடைவேளையில் கச்சான் உரித்துக்கொண்டே கூட வந்த நண்பன் சொன்னான்: "இஞ்சதான் எலும்புக்கூடு எடுத்தவங்கள், தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அன்றிரவு ரூமுக்கு வந்து தேடி வாசித்தேன். 1999இல் அரங்கைத் திருத்துவதற்காக மண்ணைத் தோண்டியபோது ஒரு புதைகுழி வெளிப்பட்டிருக்கிறது. சுமார் 25 பேரின் எலும்புகள். அடுத்த முறை போனபோது வாசல், சுவர், மண்டபம் என்று சுற்றிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரி, ஒரு பலகை? என் கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் அந்தச் சுற்றுவட்டாரம் மறதிக்குப் பேர்போனது இல்லை. அரங்கின் பெயரே ஒரு மரணத்தை ஞாபகப்படுத்துவதுதான். யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரங்கிலிருந்து கொஞ்சம் நடந்தால் முற்றவெளியில் நினைவுத்தூண்கள். 1974 ஜனவரி 10, நான்காவது தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸ் நடவடிக்கையின்போது இறந்தவர்களுக்காக எழுப்பியவை. அந்தச் சாவுகளுக்கான பழியில் ஒரு பங்கைத் துரையப்பா மீதும் போட்டவர்கள் அன்றைக்கு நிறையப் பேர். அதாவது, பழி சுமத்தப்பட்டவரின் பெயரும் இறந்தவர்களின் தூணும் ஒரே வெளியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஞாபகங்கள் இரண்டுக்கும் இந்த ஊர் இடம் கொடுத்திருக்கிறது. அந்த 25 பேருக்கு மட்டும் ஏன் இல்லை?

2016 ஜூன் 18 அன்று இந்திய உதவியோடு திருத்திய அரங்கு திறக்கப்பட்டது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரில் வந்தார், பிரதமர் மோடி டெல்லியிலிருந்து காணொளியில் வந்தார், ஆயிரக்கணக்கானோர் புல்வெளியில் யோகா செய்தார்கள். நல்ல விஷயம்தான், நானும் அதன் படியில்தான் உட்காருகிறேன். ஆனால் கீழே கிடந்தது இன்னாரென்று தெரியாத எலும்புகள் என்றால், மேலே புல்லைப் போட்டதோடு வேலை முடிந்துவிடுமா?

விளையாட்டரங்குகளுக்கு இப்படிப்பட்ட கதைகள் உலகெங்கும் உண்டு. பாரிஸுக்கு வெளியே கொலோம்ப் அரங்கில்தான் 1938 உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் இத்தாலி ஹங்கேரியை 4-2 என்று வென்றது. அடுத்த ஆண்டு போர் தொடங்கியதும் அதே அரங்கில் ஜெர்மானிய, ஆஸ்திரிய ஆண்களை அடைத்துவைத்தது பிரான்ஸ். ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த அகதிகளும் அதில் அடக்கம். 2024 ஒலிம்பிக்கில் அங்கே ஹொக்கி நடந்தது. மைதானம் எதையும் விழுங்கிவிட்டு அடுத்த மேட்சுக்குத் தயாராகிவிடும்.

சிலி அப்படி விடவில்லை. 1973 செப்டம்பர் இராணுவப் புரட்சிக்குப் பிறகு சந்தியாகோவின் தேசிய அரங்கு சிறையாகவும் சித்திரவதைக் கூடமாகவும் இருந்தது. அதே நவம்பரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கு அங்கே வந்து விளையாட சோவியத் அணி மறுத்துவிட, சிலி அணி எதிரணியே இல்லாமல் வெறும் கோலுக்குள் பந்தை உருட்டியது. இன்றும் அங்கே சர்வதேசப் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பகுதியில் பழைய மரப் பலகைகளை அப்படியே வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அரங்கு நிரம்பி வழிந்தாலும் அங்கே யாரும் உட்காருவதில்லை.

இதை நண்பனிடம் சொன்னேன். "மச்சான், எங்கட ஊரில ஒவ்வொரு இடத்துக்கும் பலகை வைச்சா, சின்னப் பிள்ளையள் எங்க விளையாடுறது?" என்று கேட்டான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். மலையகத்திலிருந்து படிக்க வந்த எனக்கு அவன் ஊரில் எங்கே பலகை வைப்பது என்று சொல்ல என்ன உரிமை?

ஆனால் என் ஊரைப் பற்றிச் சொல்லலாம்தானே. 1981இல், யாழ் நூலகம் எரிந்து ரெண்டு மாசம் கழித்து, ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்களை அடித்து விரட்டினார்கள். எத்தனையோ குடும்பங்கள் வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டன. எங்கள் அப்பாயி அப்பாவைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்கு மேலே இருக்கிற காட்டுக்குள் ரெண்டு ராத்திரி கிடந்ததாம். "லயம் எரியுற வெளிச்சத்துல கிரவுண்டு பகல் மாதிரி தெரிஞ்சுச்சு"ன்னு சொல்லும். அந்த கிரவுண்டில் பத்து வருஷம் பந்து விளையாடியிருக்கிறேன். கம்பஸ் லீவில் போய், துரையப்பா கதையைச் சொன்ன பிறகுதான் அப்பாயி இதைச் சொன்னது. யாருமே கேக்கலையே, அதான் சொல்லலையாம்.

தெரிந்ததற்குப் பிறகும் அங்கே விளையாடினேன். பந்து வழக்கம்போல தேயிலைக்குள்தான் போனது. அதனால் நண்பனின் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது: பிள்ளைகள் அங்கேயேதான் விளையாடுவார்கள், யாரும் தடுக்கவில்லை. நாம் கேட்பது ஒரு கல்வெட்டு. தமிழிலும் சிங்களத்திலும், 1999இல் இங்கே என்ன கிடைத்தது என்று. கூடவே படிக்கட்டில் ஒரு சின்னப் பகுதி, ஆள் உட்காராமல்.

நண்பன் கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தான். "எந்தப் பக்கம் விடச் சொல்லுறாய்?" என்றான். பின்னேரம் கண்ணுக்கு நேரே வெயில் அடிக்கிற பக்கத்தைக் காட்டினேன்.

"அங்க இப்பவும் ஒருத்தரும் இருக்கிறேல்லையே" என்றான்.