வினாவும் விடையும்

காதற் படங்களின் திருமண வேண்டுகோட் காட்சிகளுள் ‘லவ் அக்சுவலி’ (2003) காட்சியே தலைசிறந்தது என்பாருளர். எழுத்தாளன் ஜேமி போர்த்துக்கேய மொழி பயின்று, ஊர் பின்தொடர உணவகம் புகுந்து, முன்னர் தன்னிடம் பணிபுரிந்த ஒரேலியாவை மணங்கேட்கிறான். அவள் இசைகிறாள், கூட்டம் ஆரவாரிக்கிறது. அவளும் அவன்பொருட்டு ஆங்கிலம் பயின்றிருந்தாளே எனலாம். கேட்கும்போது அவன் அதை அறியான். அத்தனை கண்களின் முன் மறுக்கும் துணிவு எவர்க்கு வாய்க்கும்? மறுக்க இடந்தராத வினா வினாவன்று. அன்பின் வேடம் பூண்ட நிர்ப்பந்தமே.

ஜேமியாக நடித்த கொலின் பேர்த்தே, 1995இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘பிறைட் அன்ட் பிரெஜுடிஸ்’ தொடரில் டார்சியாகத் தோன்றினார். அங்கே வேண்டுகோள் தனியறையில் நிகழ்கிறது. டார்சி பெருஞ்செல்வன், எலிசபெத்தின் தந்தையின் நிலமோ ஆண்வாரிசுக்கே உரியது. எனினும், தமக்கையின் காதலைக் குலைத்து, தன் குடும்பத்தையும் இழித்துரைத்தவனை அவள் மறுக்கிறாள். அம்மறுப்பே அவனைத் திருத்துகிறது. மீண்டும் கேட்கையில், அவள் மனம் மாறவில்லையெனின் இனி அதுபற்றிப் பேசுவதில்லை என்கிறான். அதன்பின் அவள் தருவதே இசைவு.

திரையின் ஆரவாரத்தில் கண்கலங்கும் நாம், கேட்கப்பட்டவளுக்கு மறுக்க வழியிருந்ததா என்பதை முதலில் வினவுவோமாக.