கண்டவர் விண்டிலர்

விளையாட்டு நினைவுக்குறிப்பு இலக்கியமாகுமா என்ற ஐயம் அமெரிக்க வாசகருக்கு என்றோ தீர்ந்துவிட்டது. டெட் வில்லியம்ஸின் கடைசி ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து கண்டு ஜான் அப்டைக் 1960இல் எழுதிய கட்டுரையும், நியூயார்க்கர் இதழில் ரோஜர் ஏஞ்சல் பல பத்தாண்டுகள் எழுதிய பேஸ்பால் கட்டுரைகளும் போதிய சான்று. ஆகவே என் பிணக்கு அவ்வகை எழுத்தோடு அன்று. அதன் நிழலில் தழைத்த ஒரு பொய்ச்சாட்சியத்தோடு மட்டுமே. பில் பக்னர் கோப்பையைத் தொலைத்ததை நேரில் கண்டவன் நான் என்று பழைய ரசிகர் ஒருவர் தொடங்கும்போது, அந்த வாக்கியத்தை மறுத்தே ஆக வேண்டும்.

1986 அக்டோபர் 25. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,078 பார்வையாளர்கள். உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம். ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் அணிக்கே கோப்பை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் மூன்றையும் நியூயார்க் மெட்ஸ் இரண்டையும் வென்றிருந்தன. 1918க்குப் பின் பாஸ்டனுக்குக் கோப்பை வாய்த்ததில்லை. பத்தாவது இன்னிங்ஸின் முற்பாதியில் பாஸ்டன் 5–3 என முந்தியது. பிற்பாதியில் நியூயார்க்கின் முதல் இருவரும் அவுட். இன்னும் ஒரே ஓர் அவுட்தான். ஸ்டேடியத்தின் மின்பலகையில் பாஸ்டனுக்கான வாழ்த்து ஒரு கணம் ஒளிர்ந்து மறையவும் செய்தது.

இதன் பின் நிகழ்ந்தவற்றை வரிசை பிறழாமல் சொல்ல வேண்டும். வழக்கே அந்த வரிசையில்தான் இருக்கிறது. கால்வின் ஷிரால்டியின் பந்துகளை அடித்து கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் மூவரும் அடுத்தடுத்து பேஸ் ஏறினர். கார்ட்டர் ஓடி முடித்தார், 5–4. ஷிரால்டியை மாற்றிப் பாப் ஸ்டேன்லி கொண்டுவரப்பட்டார். அவர் வீசிய பந்தொன்று கேட்சரிடம் அகப்படாமல் விலகியோட, மிட்செல் வந்து சேர்ந்தார், 5–5. முன்னிலை முற்றாக அழிந்தது. அதன் பிறகே மூக்கி வில்சன் அடித்த பந்து தரையோடு உருண்டு, முதல் பேஸருகே நின்ற பக்னரின் கால்களுக்கிடையே புகுந்து போயிற்று. நைட் ஓடிவந்தார், 6–5. தோற்றது ஆறாவது ஆட்டம் மட்டுமே. இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்தில் 3–0 என முந்தியிருந்த பாஸ்டன், 8–5 என்று தோற்றது. கோப்பை போனது அன்றுதான்.

பக்னர் தவறவில்லை என்று நான் வாதிடவில்லை. வெற்றி ஓட்டம் அவர் விட்ட பந்தில் வந்தது. ஆனால் கணுக்கால் நோவோடு ஆடிய அவரைக் கடைசிக் கட்டத்தில் வெளியே அழைத்து டேவ் ஸ்டேப்பிள்டனை நிறுத்துவதை அதே தொடரில் முன்னர் செய்திருந்த மேலாளர் ஜான் மெக்நமாரா, அன்றிரவு அதைச் செய்யவில்லை. அவரும் ஷிரால்டியும் ஸ்டேன்லியும் நினைவின் ஓரத்திற்கு நகர்ந்துவிட, நடுவில் பக்னர் ஒருவரே நிறுத்தப்பட்டார்.

இதற்குத் தொலைக்காட்சியின் பங்கு பெரிது. ஆண்டுக்கணக்கில் ஓயாது காட்டப்பட்ட அந்தச் சிறு படத்துண்டு, வில்சன் பந்தை அடிக்கும்போது தொடங்குகிறது. அதற்கு முன் போனவை அதில் இல்லை. வீட்டிலிருந்து அதை மட்டுமே கண்டவர் ஏமாந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டேடியத்தில் இருந்தவர், பந்து உருளுமுன்பே பலகையில் 5–5 என்று மாறியதைக் கண்டவர். திருத்திச் சொல்லும் தகுதி அவருக்கே உண்டு. அவரோ தாம் கண்டதைக் கைவிட்டுப் படத்துண்டைத் தம் நினைவென எழுதுகிறார். நுழைவுச்சீட்டின் கிழிந்த பாதியைப் பத்திரப்படுத்தியவர் சாட்சியத்தைப் பத்திரப்படுத்தவில்லை.

நினைவு ஆவணமன்று, உணர்வே அதன் மெய் என்று சிலர் இதற்கு விடை கூறுவர். ஒப்புகிறேன். தொண்டை அடைத்ததை எழுதட்டும். பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியால் முகம் மூடியதை எழுதட்டும். இன்னாரால் தோற்றோம் என்பது உணர்வன்று, குற்றச்சாட்டு. அதற்குச் சான்று வேண்டும்.

2003 அக்டோபர் 14இல் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் இதே கதை ஒரு ரசிகர்மேலேயே திரும்பியது. எல்லைச் சுவரருகே வந்த பந்துக்குப் பலரும் கைநீட்டினர், பழி ஒருவருக்கு. அந்த இன்னிங்ஸில் சிகாகோ எட்டு ஓட்டங்களை விட்டுக்கொடுத்ததும், அடுத்த ஆட்டத்தையும் தோற்றதும் எவர் நாவிலும் நிற்கவில்லை.

பக்னர் 22 பருவங்கள் ஆடியவர். 2,715 ஹிட்கள் அடித்தவர். 1980இல் நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் பெற்றவர். 2019இல் அவர் மறைந்தபோதும் அஞ்சலிகள் அந்த ஒரு பந்தைச் சொல்லாமல் நகரவில்லை.

2004இலும் 2007இலும் பாஸ்டன் கோப்பை வென்ற பிறகு, 2008 ஏப்ரல் 8இல் ஃபென்வே பார்க்கில் முதல் பந்தை வீச அவர் அழைக்கப்பட்டார். கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அவர் கண் துடைத்துக்கொண்டார். பாஸ்டன் பக்னரை மன்னித்தது என்று அந்நாளை நெகிழ்ந்து எழுதுவோர் உண்டு. கோப்பை கைக்கு வந்தபின் மன்னிப்பதில் செலவு ஏதுமில்லை. அது கிடக்கட்டும், யார் யாரை மன்னிப்பது? அன்று செய்தியாளர்களிடையே பக்னர் கூறியது வேறு. மன்னிக்க வேண்டியிருந்தது தமக்குத்தான் என்றார். அதுவும் பாஸ்டன் ரசிகர்களை என்பதைவிட ஊடகங்களை.