பயிற்சி போதும், நிலத்தைக் கொடுங்கள்

போன மாதம் இன்னொரு இலவசப் பயிற்சி முகாம் நடந்து முடிந்தது. காய்கறி நாற்றுப்பண்ணை வைத்து நீங்களும் தொழில்முனைவோர் ஆகலாம் என்பதுதான் தலைப்பு. மேடையில் இருந்தவர் ஒரு குழித்தட்டைத் தூக்கிக் காட்டி, "இதுல 98 குழி இருக்கும், ஒரு குழிக்கு ஒரு விதை போடணும்" என்று விளக்கினார். எதிரில் உட்கார்ந்திருந்த எங்கள் காலனிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒட்டன்சத்திரம் வட்டாரத்து நாற்றுப்பண்ணைகளில் அந்தக் குழிகளில் விதை போடும் கைகள் அவர்களுடையவை. அதில் சிலருக்குப் பத்து வருடப் பழக்கம்.

தென்னைநார்க் கழிவை எந்தப் பதத்தில் நனைக்க வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், அழுத்தினால் தண்ணீர் சொட்டக்கூடாது. விதை போட்ட தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி பாலிதீன் ஷீட் போட்டு மூடுவார்கள். தக்காளி என்றால் நாலாம் நாளே தூக்கிப் பார்க்கத் தொடங்குவார்கள். முளை தெரிந்த பிறகும் பிரித்துப் பரப்பாமல் ஒரு நாள் விட்டுவிட்டால் நாற்று வெளுத்து நூல் மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடும். சாயங்காலம் தண்ணீர் அதிகமாகிவிட்டால் மறுநாள் காலையில் தண்டு அழுகிச் சாய்ந்து கிடக்கும். வேர் மண்ணைப் பிடித்துவிட்டதா என்பதை ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எல்லாம் தெரிந்த இவர்களுக்கு நாள் கூலி. தெரியாதவர் பெயரில் பண்ணை, அவர் பெயரில் பலகை, மானியமும் அவர் பெயரில்தான்.

ஆக, இங்கே இல்லாதது பயிற்சி அல்ல. நிழல்வலைக் குடிலுக்குத் தோட்டக்கலைத் துறையில் 50 விழுக்காடு மானியம் உண்டு. அதற்குச் சிட்டா, அடங்கல் வேண்டும். நாற்று விற்க விதை விற்பனை உரிமம் வேண்டும், அதற்கும் இடத்துக்கு ஆவணம் காட்டவேண்டும். அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே ஒரு தொழில் திட்டம் இருக்கிறது, 35 விழுக்காடு மானியம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மீதித் தொகைக்கு வங்கி மனது வைக்கவேண்டும். வங்கி கேட்கும் முதல் கேள்வி, "நிலம் யார் பேர்ல இருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் 1892இலேயே எழுதப்பட்டுவிட்டது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து எங்கள் முன்னோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோரைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக்கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் இன்று என்னென்ன நிற்கின்றன என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை. 1994இல் காரணையில் அதை மீட்கப்போன போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ மனுக்கள். நிலத்தைக் கேட்டால் பயிற்சிச் சான்றிதழும் மதியச் சாப்பாடும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

எங்கள் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: "நாற்று விற்பதா விடுதலை? கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னவர் அல்லவா அம்பேத்கர்?" உண்மைதான். அவருடைய தோழர் தாதாசாகேப் கெய்க்வாட் 1964இல் நிலம் கேட்டு சத்தியாகிரகம் நடத்தினார் என்பதும் உண்மை. வெளியேற முடியாமல் இங்கேயே நிற்கும் பெண்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? பத்து சென்ட் போதும், ஒரு போகம் ஒரு மாதம் என்று கணக்குப் போட்டு இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தது அவர்கள். நாங்கள் கூட நின்றோம், அவ்வளவே.

ஐந்து பெண்கள், 15 சென்ட் குத்தகை, பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர், பச்சை வலை, 300 தட்டு. முதல் தடவை தக்காளி. முளைப்பில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பயம் வேறாக இருந்தது. காலனிக்காரர் விற்கும் நாற்றை ஊர்த்தெரு வாங்குமா? வாங்கினார்கள். சோற்றுக்குத்தான் தீட்டு, நாற்றுக்கு இல்லை போலிருக்கிறது. அடி விழுந்தது வேறு இடத்தில்.

தக்காளி நாற்று 25 நாளில் வயலுக்குப் போயாகவேண்டும். மேலே ஒரு வாரம் தாங்கும், அதற்குப் பிறகு முற்றி நெட்டையாகிவிடும், யாரும் தொடமாட்டார்கள். வாங்க வருகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். இருபத்தெட்டாம் நாள் வருவார், பாதி விலை சொல்வார், அதையும் கடன் சொல்வார். "காய் வித்ததும் தாறேன் போ." வேறு பண்ணைக்காரரிடம் இதே ஆள் முன்பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருகிறவர். எங்கள் அக்கா என்ன செய்வார்? நாளை அவர் தோட்டத்துக்குத்தான் களை எடுக்கப் போகவேண்டும். "சாமி" என்று கூப்பிட்டுப் பழகிய வாயால் பாக்கிப் பணம் எப்படிக் கேட்பது? ஒருமுறை கேட்டார். அடுத்த வாரம் கிணற்று மோட்டார் "ரிப்பேர்" ஆகிவிட்டது. மிளகாய் முளைத்து ஒன்பதாம் நாள். காலனித் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தும் பாதித் தட்டுகள் காய்ந்துபோயின.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றம். ஆனால் கடன் சொல்வது புறக்கணிப்பா? மோட்டார் ஓடாதது வன்கொடுமையா? எந்தக் காவல் நிலையத்தில் இதை எழுதிக்கொள்வார்கள்? தொழில்முனைவோர் என்று பேசுகிறவர்கள் சந்தையில் எல்லோரும் சமம் என்று நினைக்கிறார்கள். ஒரு வாரத்தில் வீணாகும் சரக்கை வைத்துக்கொண்டு பேரம் பேச, பின்னால் நிலமோ சாதியோ இருக்கவேண்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை.

எனவே அடுத்த முகாமுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கமாட்டோம். எங்கள் ஊர் எல்லைக்குள் இருக்கும் பஞ்சமி நிலத்தை அளந்து, ஆக்கிரமிப்பை எடுத்து, அதில் ஒரு ஏக்கரையாவது பெண்கள் பெயரில் பட்டா போட்டுக் கொடுங்கள். அதில் ஒரு ஆழ்துளைக் கிணறு. அடுத்து, மானியத் திட்டத்தில் விவசாயிகளுக்குக் கொடுக்கும் குழித்தட்டு நாற்றில் ஒரு பங்கைத் தலித் பெண்களின் பண்ணைகளிலிருந்து அரசே வாங்கவேண்டும். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டை எஸ்சி, எஸ்டி சிறுதொழில்களிடமிருந்து வாங்கவேண்டும் என்று 2012 முதல் ஆணை இருக்கிறது. நாற்றுக்கு மட்டும் ஏன் முடியாது? அரசு வாங்கினால் அக்கா யாரிடமும் போய்ப் பாக்கி கேட்டு நிற்கவேண்டாம்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறோம். பிழைத்த மிளகாய்த் தட்டுகளில் பத்தைக் கூடவே எடுத்துப் போகிறோம். அன்றைக்கு அவற்றுக்கு 35 நாள் ஆகியிருக்கும். பதில் வரும்வரை அவற்றை அலுவலக வராந்தாவிலேயே வைத்துவிட்டு வருவோம், தண்ணீர் அவர்கள் ஊற்றட்டும்.