கள்ள நோட்டும் நல்ல நோட்டும்

செல்லாத நோட்டுகளைக் காசு கொடுத்து வாங்குகிறவனை ஊரார் என்னவென்று சொல்லுவார்கள்? நம்மைச் சொல்வதைத்தான்! ஆயினும் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த பின் நமக்கு ஆறுதலளிப்பது அந்த ஆல்பந்தான்.

அதில் முதலிடம் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி தேசத்துக்கு. 1958 செப்டம்பர் 28-ந் தேதி ஜெனரல் டிகால், பிரான்ஸின் ஆட்சியிலிருந்த ஆப்பிரிக்க நாடுகளைப் புதிய பிரெஞ்சுச் சமூகத்தில் சேரச் சம்மதமா என்று வோட்டுக் கேட்டார். ஏனைய நாடுகள் சம்மதித்தன. கினி மாத்திரம் 'மாட்டோம்' என்றது. அக்டோபர் 2-ந் தேதி சுதந்திரம் வந்தது. பிரெஞ்சு உத்தியோகஸ்தர்கள் ஆத்திரத்துடன் மூட்டை கட்டினார்கள். கையோடு கொண்டுபோக முடிந்த சர்க்கார் சாமான்களையும் விட்டுவைக்கவில்லை.

1960 மார்ச் 1-ந் தேதி கினி தன் சொந்தப் பிராங்கை வெளியிட்டது. அதைக் கவிழ்ப்பதற்காகப் பிரெஞ்சு உளவு இலாகா அந்த நோட்டைப் போலவே கள்ள நோட்டு அடித்து நாட்டுக்குள் பரப்பிற்று. இந்தத் திருப்பணிக்கு வைத்த பெயர் 'பெர்ஸில்'. அது ஒரு சலவைத் தூளின் பெயர்! இலாகாவில் ஆப்பிரிக்க விவகாரங்களைக் கவனித்துவந்த மோரிஸ் ரோபேர் என்பவரே பிற்காலத்தில் இதை வெளியிட்டிருக்கிறார். இதே காரியத்தைத் தனி மனிதன் செய்தால் ஜெயிலுக்குப் போகிறான்.

1960 தேதியிட்ட நூறு பிராங்கு நோட்டு ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதில் ஜனாதிபதி ஸெகூ தூரேயின் முகம். நண்பர் ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓய், இது அசல்தானா? போலியாயிருந்தால் கிழித்துப் போடும்" என்றார். போலியாயிருந்தால் இன்னும் பத்திரமாக வைப்போம் என்றோம். ஓர் ஏழை நாட்டின் பணத்தைக் கண்டு ஒரு வல்லரசு எவ்வளவு பயந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சியம் ஏது?

1971-ல் பிராங்கு என்ற பெயரையே ஒழித்து 'ஸிலி' என்று வைத்தார்கள். ஸுஸு மொழியில் யானை என்று பொருள். பத்துப் பிராங்குக்கு ஒரு யானை! பத்து ஸிலி நோட்டில் காங்கோவின் லுமும்பா. இருபத்தைந்தில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போராடிய தகோமே அரசர் பெஹான்ஸின். பின்னால் வந்த ஐந்து ஸிலியில் கானாவின் நிக்ருமா, ஐந்நூறில் மார்ஷல் டிட்டோ. அயல் நாட்டு வீரர்களைத் தன் பணத்தில் வைத்துக் கௌரவித்த பெருந்தன்மை நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதே தூரே, தம்மை எதிர்த்த சொந்த ஜனங்களைச் சிறையில் வாட்டினார். கொனாக்ரி நகரின் போய்ரோ முகாமில் மாண்டவர் பலர். அவர்கள் முகம் எந்த நோட்டிலும் இல்லை.

தூரே 1984-ல் காலமானார். 1986-ல் பிராங்கு திரும்பி வந்தது. யானை செல்லாக் காசாயிற்று. நிக்ருமாவின் ஐந்து ஸிலி நோட்டை நாம் தருவித்தபோது விலையைக் காட்டிலும் தபால் செலவு அதிகமாயிற்று. அந்தக் கணக்கை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.