அமைச்சரிடம் எப்படிக் கேட்பது?

நாடாளுமன்றக் கேள்வி நேரத்தை நேரலையில் விடாமல் பார்ப்பேன். கேள்வி கேட்பதுதானே வானொலியில் எனக்கும் வேலை!

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் இதற்கு ஒன்றரை மணி நேரம். கேள்வியைப் பொதுவாக 7 நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே, அமைச்சர் முதலில் வாசிப்பது அதிகாரிகள் பக்குவமாகத் தயாரித்த பதில். தப்பில்லை, புள்ளிவிவரம் சரியாக இருக்க வேண்டுமே. உறுப்பினர் எழுந்து துணைக்கேள்வி கேட்கும்போதுதான் நான் ஒலியைக் கூட்டுவேன்.

அங்கேதான் பலர் வாய்ப்பை விடுகிறார்கள். ஒரே மூச்சில் மூன்று கேள்வி! அமைச்சர் எதற்குப் பதில் சொல்வார்? சுலபமானதற்குத்தான். என் நிகழ்ச்சிக்கு வரும் விருந்தினர்களும் அப்படித்தான். “பரிசீலிப்பீர்களா?” என்று கேட்டால் “பரிசீலிப்போம்” என்பார்கள். முடிந்தது கதை.

2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு மேற்கு ரயில் பாதையில் ஒரு ரயிலின் அச்சுப் பெட்டி கழன்று விழுந்தது. ஜூரோங் ஈஸ்ட், புவன விஸ்தா நிலையங்களுக்கு இடையே 6 நாள் சேவை பாதிப்பு. அடுத்த ஆண்டு விசாரணை அறிக்கை வந்தபோதுதான் தெரிந்தது: அந்தப் பழைய ரயில்களை 500,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பழுதுபார்க்கும் வழக்கம் 750,000 கிலோமீட்டர் வரை நீட்டப்பட்டிருந்தது. “பராமரிப்பு போதுமா?” என்று கேட்டால் இது வெளியே வருமா? “கடைசியாகப் பிரித்துப் பார்த்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?” என்பது வேறு ரகக் கேள்வி.

மக்கள் சந்திப்புக்குப் போகிறீர்களா? “பஸ் லேட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பஸ் எண், நிறுத்தம், தேதி, காத்திருந்த நிமிடம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். துணைக்கேள்விக்கு எழும்போது உறுப்பினர் கையில் அந்தத் தாள் இருக்கட்டும்.