கல்வி அதிகாரிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டாமா?

முடிச்சூர்ப் பக்கம் ஒரு மனை வாங்குவதென்றால் எத்தனை விசாரணை! பட்டா யார் பேரில்? வில்லங்கச் சான்றிதழில் என்ன இருக்கிறது? 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? இத்தனையும் கேட்ட பிறகுதான் முன்பணம் கை மாறும். பெண் கொடுப்பதென்றால் சொல்லவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்கு நாலு தெரு தள்ளியும் விசாரிப்பார்கள்.

ஆனால், நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் மாவட்டக் கல்வி அதிகாரி யார்? அவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார்? இதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் எளிதில் பதில் கிடைப்பதில்லை.

அது சாமானியமான பதவி அல்ல. வாத்தியார் வரவில்லை என்றாலும், வகுப்பறை ஒழுகினாலும், தனியார் பள்ளி மீது புகார் என்றாலும், மனு அந்த மேஜைக்குத்தான் போகிறது. அங்கே நேர்மையானவர் இருந்தால் மனு நகரும். இல்லாவிட்டால் தூங்கும்.

இரண்டு வாசல்

இந்தப் பதவிக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பரீட்சை. 2018 டிசம்பரில் இப்படி 20 இடங்களுக்கு விளம்பரம் வந்தது. எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு என்று படிப்படியாக நடக்கிறது. முடிவும் வெளியாகிறது.

மற்றொன்று பதவி உயர்வு. உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் பணிமூப்பு வரிசையில் வருகிறார்கள். 17(பி) குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு தள்ளிப் போகும். இதுவும் வில்லங்கம் பார்க்கிற வேலைதான். நல்ல ஏற்பாடு. ஆனால் அதைப் பார்த்தார்களா, எப்படிப் பார்த்தார்கள் என்பது பெற்றோர் காதுக்கு எட்டுவதில்லை. ஆசிரியர்களுக்கு மாறுதல் என்றால் கலந்தாய்வு நடக்கிறது. காலியிடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதிகாரிகளின் மாறுதலோ பெரும்பாலும் ஓர் உத்தரவாக வருகிறது. அதில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும். காரணம் இருக்காது.

வெளிச்சம் காட்டிக் கொடுத்தது

திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 2017-ல் அரசு பாலிடெக்னிக் கல்லூரிகளில் 1,058 விரிவுரையாளர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் பரீட்சை நடத்தியது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். முடிவு வந்தபின் விடைத்தாள் நகல்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அப்போதுதான் குட்டு உடைந்தது. சுமார் 200 பேருக்கு விடைத்தாளில் ஒரு மார்க், பட்டியலில் வேறு மார்க்! போலீசார் வழக்குப் போட்டார்கள். 2018 பிப்ரவரியில் அந்தப் பரீட்சையே ரத்தாயிற்று. விடைத்தாள்கள் பீரோவிலேயே பூட்டிக் கிடந்திருந்தால், அந்த 200 பேரும் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்கள்.

பெரிய பதவிகளிலும் இதே கதைதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு 2017-ல் நியமிக்கப்பட்ட துணைவேந்தரின் நியமனத்தை, 2018 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. வந்த விண்ணப்பங்களைத் தேடுதல் குழு முறையாகச் சீர்தூக்கிப் பார்க்கவில்லை என்பது கோர்ட்டின் முடிவு. ஆள் வந்து ஓர் ஆண்டு ஆன பிறகு வில்லங்கம் பார்த்த கதை இது.

"எல்லாவற்றையும் வெளியே சொன்னால் மொட்டைக் கடிதம் குவியும். நல்ல அதிகாரியின் பெயர் கெடும்" என்று சிலர் சொல்வார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் வீட்டு விவகாரத்தைக் கேட்கவில்லை. பணிமூப்பு வரிசையில் அவர் எந்த இடம்? முன்பு எங்கே, எத்தனை ஆண்டு வேலை பார்த்தார்? நிலுவையில் குற்றச்சாட்டு உண்டா? முந்தியவர் ஒருவர் தாண்டப்பட்டிருந்தால் என்ன காரணம்? இவ்வளவுதான் கேள்வி. இதை நாலு வரியில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டினால் மொட்டைக் கடிதத்துக்கே வேலை இராது. வதந்தி பிறப்பது இருட்டில்தானே!

அரசாங்கம் தானாக முன்வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப்பேர் பெண்கள். பள்ளிக்குச் சுவர் வேண்டும், குழாய் வேண்டும் என்று தீர்மானம் போடுகிற அந்தத் தாய்மார்கள், அடுத்த கூட்டத்தில் இந்த நாலு கேள்விகளையும் சேர்த்து எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பலாம்.